ஸ்கேனர் வானொலியும் அதன் விசைகளைப் பயிலும் கிரமமும்

வானொலிப் பெட்டி என்றால் ஒரு நிலையத்தைத் திருப்பி வைத்து, அது தரும் இசையையோ செய்தியையோ அமர்ந்து கேட்பதற்குரிய சாதனம் என்னும் எண்ணத்தில் பழகிய ஒருவர், ஸ்கேனர் என்று பெயர் பெற்ற பெட்டியை முதன்முதலாகக் கையில் எடுக்கும்போது, அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்யும்: ஓயாத இரைச்சலைக் கொட்டும்; அல்லது எத்தனை நேரம் காத்திருந்தாலும் வாய் திறவாது. இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. ஒலிபரப்பு நிலையம் தன்னைக் கேட்கப் பெருங்கூட்டம் காத்திருக்கிறது என்று அறிந்து இடைவிடாமல் பேசுகிறது. ஸ்கேனரில் அகப்படும் குரல்களோ, வேலையின் நிமித்தம் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் இரண்டொரு வாக்கியங்கள். தீயணைப்பு வண்டிக்கு முகவரி சொல்லும் குரல், தரையிறங்க அனுமதி கேட்கும் விமானியின் குரல், எதிரே தெரியும் சிக்னலை உரக்கச் சொல்லும் சரக்கு ரயில் ஓட்டுநரின் குரல் ஆகியவை சில விநாடிகள் எழுந்து, பிறகு பல நிமிஷங்கள், சில சமயம் மணிக்கணக்காக, அடங்கிவிடுகின்றன. இப்படிச் சிதறிக் கிடக்கும் பேச்சைப் பிடிப்பதற்காக, குறித்து வைத்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து சுற்றி வருவதும், எங்கே பேச்சு எழுகிறதோ அங்கே நிற்பதும், அது ஓய்ந்ததும் மறுபடி சுற்றத் தொடங்குவதுமே இந்த யந்திரத்தின் தொழில்.

இந்தத் தொழிலை அதனிடமிருந்து வாங்கப் பழகுவது எப்படி என்பதே இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் விசாரணை. பெட்டி பிறந்து வளர்ந்த நாடு அமெரிக்கா. ஆகவே உதாரணங்களையும் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்வோம். பெட்டியுடன் வரும் கையேடுகளில் ஒவ்வொரு பொத்தானின் பெயரும், அதை அழுத்தினால் நிகழ்வதும் பிழையின்றி எழுதப்பட்டிருக்கும். ஆயினும் அவற்றை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தவர்களும் பெட்டியின் முன் திகைத்து நிற்கிறார்கள். அந்த விசைகளுக்கெல்லாம் பொதுவாக உள்ள நோக்கத்தைக் கையேடு எங்கும் எடுத்துச் சொல்லாததே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒலியளவைக் கூட்டும் குமிழ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர்த்தால், ஸ்கேனரின் விசைகளில் ஏறக்குறைய எல்லாமே எதையோ ஒன்றைக் கேளாதிருப்பதற்காக அமைந்தவை. இரைச்சலை விலக்க ஒன்று, வேண்டாத சானலை விலக்க ஒன்று, அயலூரின் பேச்சை விலக்க ஒன்று, அருகிலுள்ள பெரிய நிலையத்தின் பலத்தைக் குறைக்க ஒன்று என்று இவை வரிசையாக நிற்கின்றன. எதை விலக்க வேண்டும் என்பது மனத்தில் தெளிவான பிறகே, எந்த விசையைத் தொடுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது.

பிறர் பேச்சைக் காற்றிலிருந்து கேட்கும் ஆவல் ஸ்கேனருக்கு மிகவும் முந்தியது. 1928இல் டெட்ராய்ட் நகரப் போலீஸார் தம் ரோந்துக் கார்களுக்கு வானொலி வழியே செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். காரில் இருந்தவர்கள் கேட்கலாமே ஒழியப் பதில் சொல்ல முடியாது. 1933இல் நியூஜெர்ஸி மாநிலத்துப் பேயோன் நகரில் காரிலிருந்து பதில் சொல்லவும் வழி பிறந்தது. அக்காலத்துப் போலீஸ் அலைவரிசைகள் பல, மத்திய அலை ஒலிபரப்பின் மேல் விளிம்பை ஒட்டியே அமைந்திருந்தமையால், வீட்டு ரேடியோவின் முள்ளைச் சற்றே தள்ளினால் அவை அகப்பட்டன. 1930களில் விற்ற அமெரிக்க ரேடியோக்கள் பலவற்றின் முகப்பிலேயே 'போலீஸ்' என்று ஒரு பகுதியைக் குறித்திருந்தார்கள். வீஜி என்ற பெயரால் புகழ்பெற்ற நியூயார்க் புகைப்படக்காரர் ஆர்தர் ஃபெலிக், 1938இல் தம் காரிலேயே போலீஸ் வானொலி வைத்துக்கொள்ள அனுமதி பெற்று, நள்ளிரவுச் சம்பவங்களின் இடத்துக்கு விரைந்து சென்று படம் எடுத்தார். அந்நாளில் கேட்பவர் பயில வேண்டிய விசை, முள்ளைத் திருப்பும் குமிழ் ஒன்றே.

கனெக்டிகட் மாநிலப் போலீஸார் 1940இல் பண்பலை முறையில் இருவழிப் பேச்சைத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னர் மற்றவர்களும் அம்முறைக்கும் உயர்ந்த அலைவரிசைகளுக்கும் மாறிவிட, வீட்டு ரேடியோ கைக்கு உதவாமற் போயிற்று. 1960களின் பிற்பகுதியில், இந்தியானா மாநிலத்து எலெக்ட்ரா கம்பெனியார் 'பேர்கேட்' என்ற பெயரில் கொண்டுவந்தவை போன்ற பெட்டிகள் அந்தக் குறையைத் தீர்த்தன. ஒவ்வொரு சானலுக்கும் உரிய குவார்ட்ஸ் படிகத்தைத் தனியே விலை கொடுத்து வாங்கி உள்ளே பொருத்த வேண்டும். ஆகையால் எட்டோ பத்தோ சானல்களுக்கு மேல் இரா. முகப்பில் சானலுக்கொரு சிறு சிவப்பு விளக்கு. அதனருகே ஒரு சிறு சுவிட்ச். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி ஓடிக்கொண்டே இருந்து, பேச்சு எழுந்த சானலில் நின்றுவிடும். அந்தச் சானல் வேண்டாமென்றால் அதற்குரிய சுவிட்சைத் தள்ளினால் போதும். ஸ்கேனர் செய்யும் காரியம் முழுவதும் கண்ணுக்கு முன்னே நடந்தமையால், அந்தப் பழைய பெட்டியை ஒரு மாலைப் பொழுதிலேயே ஒருவர் கற்றுக்கொள்ள முடிந்தது. பிற்காலத்துப் பெட்டிகளில் அளவற்ற வசதி சேர்ந்தபோது இந்தக் கண்கூடான எளிமை போய்விட்டது என்பதை வருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

1970களின் நடுவில் படிகங்கள் இன்றியே அலைவரிசைகளை உண்டாக்கும் சுற்றுகள் வந்தன. ஆனால் அலைவரிசையின் எண்ணைப் பெட்டிக்குத் தெரிவிப்பதற்கு நல்ல வழி உடனே கிடைத்துவிடவில்லை. ஒரு பெட்டியில், சங்கேதப் புத்தகத்தைப் பார்த்து வரிசையாக உள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ள வேண்டும். இந்தியானாவிலேயே இருந்த ரீஜென்ஸி கம்பெனியாரின் பெட்டி ஒன்றில், சீப்பு என்றே வழங்கிய சிறு தகடு ஒன்றின் பற்களைப் புத்தகத்தில் கண்டபடி ஒடித்து உள்ளே செருக வேண்டும். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண் பலகை வந்து, 154.280 என்று அழுத்தினால் 154.280 என்றே பெட்டி புரிந்துகொள்ளும் நிலை ஏற்பட்டது. அதிலிருந்து சானல்களின் எண்ணிக்கை பத்திலிருந்து நூறாகவும், நூறிலிருந்து ஆயிரமாகவும் பெருகிற்று. பொத்தான்கள் பெருக இடமில்லாமையால் ஒரே பொத்தான் மூன்று வேலைகளைச் சுமக்கலாயிற்று.

இனி விசைகளைப் பார்ப்போம். முதலில் பயில வேண்டியது ஸ்குவெல்ச் என்னும் குமிழ். அது கைவசமாகும்வரை மற்ற எதையும் தொடாமலிருப்பது உத்தமம். பண்பலை ஏற்பியில் எந்த நிலையமும் இல்லாதபோது, பெட்டி தன் முழுச் சக்தியையும் செலுத்தி வெறும் இரைச்சலைப் பெருக்கித் தருகிறது. ஒரு நிலையம் அலையை எழுப்பியதுமே, அங்கே யாரும் பேசத் தொடங்குவதற்கு முன்பே, அந்த இரைச்சல் தானாக அடங்குகிறது. மனிதக் குரலின் ஸ்தாயிக்கு மேலே உள்ள இரைச்சல் எவ்வளவு என்பதை ஸ்குவெல்ச் சுற்று இடைவிடாமல் அளந்துகொண்டிருந்து, அது மிகுந்திருக்கும்வரை ஒலிபெருக்கியை அடைத்து வைக்கிறது. குறித்த எல்லைக்குக் கீழே இறங்கியதும் திறந்துவிடுகிறது. குமிழைத் திருப்பும்போது நாம் நிர்ணயிப்பது இந்த எல்லையை. இதில் மற்றொரு சூக்ஷ்மமும் உண்டு: ஸ்கேனர் எங்கே நிற்பது, எங்கிருந்து நகர்வது என்பதையெல்லாம் இந்த அடைப்பும் திறப்பும் கொண்டே தீர்மானிக்கிறது. குமிழ் முழுவதும் திறந்து கிடந்தால், முதல் சானலிலேயே ஏதோ பேச்சு இருக்கிறதென்று எண்ணி, இரைச்சலின் மேலேயே பெட்டி நின்றுவிடும். 'என் ஸ்கேனர் சுற்றவில்லை' என்று பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்லப்படும் பெட்டிகளில் பலவற்றுக்கு, குமிழை அங்குல அளவு திருப்புவதைத் தவிர வேறு சிகிச்சை தேவையில்லை.

இதைப் பழகுவதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அந்நாட்டு அரசின் வானிலை ஒலிபரப்பு, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சானல்களில், இரவும் பகலும் ஓயாமல் நடக்கிறது; அதைக் கேட்பதில் எவருக்கும் தடையும் இல்லை, கேட்பவருக்குக் காத்திருக்கும் சிரமமும் இல்லை. பழகுபவர் அந்த ஏழில் நிலையம் இல்லாத ஒரு சானலில் பெட்டியை நிறுத்தி, ஸ்குவெல்ச்சை முற்றிலும் திறந்து இரைச்சலைக் கேட்க வேண்டும். பிறகு குமிழை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போனால், ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அறுந்து நிசப்தம் உண்டாகும். அந்த இடத்தை விரலால் உணர்ந்துகொண்டு, ஒரு மயிரிழை மட்டும் மேலே சென்று நிற்க வேண்டும். அதன்பின், தூரத்து ஊரிலிருந்து பலவீனமாகக் கேட்கும் வானிலைச் சானலுக்கு மாறி, குமிழை இன்னும் இறுக்கிக்கொண்டே போனால், அந்தக் குரல் முதலில் துண்டு துண்டாகி, பின்பு அறவே மறையும். இரைச்சல் அறுந்த இடத்துக்கும் குரல் மறைந்த இடத்துக்கும் இடையே உள்ள தூரமே நம் கைக்குள்ள அவகாசம். பழகாதவர்கள் இரைச்சலுக்கு அஞ்சி குமிழை இறுக்கியே வைக்கிறார்கள். அதன் பலனாக, உயரமான கோபுரத்திலிருந்து வரும் தலைமை நிலையத்தின் குரலை மட்டும் கேட்டு, தெருவில் நிற்கும் சிறிய கைக்கருவியின் பதிலை இழக்கிறார்கள். பாதிச் சம்பாஷணை மட்டும் கேட்கிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தக் குமிழைத்தான்.

முதலில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விமானங்களைக் கேட்கும்போது பாதிச் சம்பாஷணை கேட்பது பெரும்பாலும் பூமியின் வளைவால் நேர்வது. 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வரை நேர்கோட்டில் எட்டும். அதற்குப் பதில் சொல்லும் தரை நிலையமோ நம் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். இங்கே எந்தக் குமிழும் பிரயோஜனப்படாது.

இரண்டாவது வகுப்பு, சுற்றுவதும் நிறுத்துவதும் பற்றியது. ஸ்கேன், ஹோல்டு, லாக்அவுட், டிலே, ப்ரையாரிட்டி என்று பொத்தான்களில் எழுதியிருக்கும் இவற்றை ஒருசேரக் கற்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இவற்றின் அவசியம் விளங்கிவிடும். விநாடிக்கு 50 சானல்களைப் பார்க்கும் பெட்டியில் 500 சானல்களை நிரப்பி வைத்தால், ஒரு சுற்றுக்கு 10 விநாடி பிடிக்கும். இடையில் எங்கும் நிற்காதிருந்தால்தான் அந்தப் பத்து. தீயணைப்பு வண்டி 'வந்து சேர்ந்தோம்' என்று சொல்ல மூன்று விநாடி போதும். பெட்டி நூறாவது சானலில் குப்பை வண்டிக்காரர்களின் பேச்சில் நின்றிருக்கும் வேளையில் தீயைப் பற்றிய செய்தி பிறந்து முடிந்துவிடுகிறது. சானல்களை நிரப்புவதில் உண்டாகும் ஆசை, இவ்விதம் கேட்பதற்கே விரோதமாக முடிகிறது. ஆகவே சானல்களைப் பொருள் வாரியாகத் தொகுதிகளாகப் பிரித்து, அன்றைக்கு வேண்டிய தொகுதியை மட்டும் திறந்து வைப்பது விவேகம்: தீயணைப்பு ஒரு தொகுதி, ரயில் ஒரு தொகுதி, விமான நிலையம் ஒரு தொகுதி. எல்லாத் தொகுதிகளையும் எப்போதும் திறந்து வைத்திருப்பவர், எல்லாவற்றிலும் சிறிது சிறிது கேட்டு எதையும் முழுமையாக அறியாதவராகிறார்.

டிலே என்பது, பேச்சு ஓய்ந்ததும் உடனே நகர்ந்துவிடாமல் இரண்டு விநாடி அங்கேயே காத்திருக்கச் செய்வது. கேள்வியைக் கேட்டவர் பதிலையும் கேட்பது இந்த இரண்டு விநாடியால்தான். ஹோல்டு, பெட்டியை ஒரே சானலில் கட்டி நிறுத்துகிறது. முக்கியமான சம்பவம் ஒன்று தொடங்கியதும் அனுபவசாலியின் விரல் தன்னையறியாமலேயே ஹோல்டை நாடிச் செல்லும். புதியவரோ பெட்டி தானாக அங்கேயே திரும்பி வரும் என்று நம்பியிருந்து, சம்பவத்தின் நடுப்பகுதியை இழப்பார். லாக்அவுட், குறித்த சானலைச் சுற்றிலிருந்து விலக்குவது. மேலே பயிற்சிக்கென்று சொன்ன வானிலைச் சானலைச் சுற்றில் சேர்த்துவிட்டால், அது ஓயாமல் பேசுவதாகையால் பெட்டி அங்கிருந்து நகரவே நகராது. முதலில் விலக்கப்பட வேண்டியது அதுவே. பெட்டியின் உள்ளிருக்கும் சுற்றுகளே எழுப்பும் பொய்யலைகளும், கணிப்பொறிச் செய்திகளின் கீச்சொலியும் அடுத்தபடி விலக்கத் தக்கவை. இந்த விலக்கு தாற்காலிகமா நிரந்தரமா என்பதைப் பல பெட்டிகளில் ஒரு முறை அழுத்துவதா இரண்டு முறை அழுத்துவதா என்பது தீர்மானிக்கிறது. எரிச்சலில் படபடவென்று அழுத்திவிட்டு, மறுநாள் ஊரே ஊமையாகிவிட்டதென்று எண்ணுபவர்கள் உண்டு. ப்ரையாரிட்டி, சில விநாடிகளுக்கொருமுறை முக்கியமான ஒரு சானலை எட்டிப் பார்த்து வரச் செய்வது. கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சில் அது நறுக்கு நறுக்கென்று இடைவெளி விழச் செய்வதால், தொடக்கத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

தெரிந்த சானல்களைச் சுற்றுவது ஸ்கேன். தெரியாதவற்றைத் தேடுவது செர்ச். தேடுவதற்கு இரண்டு எல்லைகளும், அவற்றினிடையே எத்தனை அகலத்தில் அடியெடுத்து வைப்பது என்னும் அளவும் வேண்டும். விமானங்களின் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, அமெரிக்காவில் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தது. அந்த அளவில் அடி வைத்தால் 760 அடிகளில் வெளி முழுவதையும் கடக்கலாம். கவனமின்றி 5 கிலோஹெர்ட்ஸ் என்று விட்டுவைத்தால் அதே வெளி 3,800 அடிகளாக நீண்டு, ஐந்தில் நான்கு அடி வீணாகும். ஐரோப்பாவில் நெரிசல் காரணமாக அந்த இடைவெளியை மூன்றிலொரு பங்காக்கி 8.33 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருக்கிறார்கள். அங்கே 25 என்னும் அடியை வைத்துத் தேடுபவர் மூன்றில் இரண்டு நிலையங்களின் பக்கத்தால் நடந்து போய்விடுவார்.

அடியளவோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது அலையின் பண்பேற்ற முறை. போலீஸும் ரயிலும் கப்பலும் பண்பலைக்கு மாறிய பின்னும் விமானங்கள் பழைய வீச்சுப் பண்பேற்றத்தையே, அதாவது ஏ.எம். முறையையே, விடாமல் பற்றி நிற்பதைப் பழமைப் பற்று என்று கருதலாகாது. பண்பலையில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் பலமுள்ள அலை மற்றதை அறவே விழுங்கிவிடும். கேட்பவருக்கு இரண்டாமவர் இருந்ததே தெரியாது. ஏ.எம். முறையில் இரண்டும் மோதி ஒரு கூச்சலாகக் கேட்பதால், இன்னொரு விமானியும் அழைத்தார் என்பதாவது தெரிகிறது. வானத்தில் அந்த அறிவு ஓர் உயிர்க்காப்பு. விமான வெளியைப் பண்பலையில் வைத்துக் கேட்பவர் கரகரப்பான, புரியாத ஒலியைக் கேட்டுவிட்டு ஏரியலைக் குறை சொல்லுவார். பண்பலையிலும் அகலம், குறுகல் என இரு வகை உண்டு. அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், 2013 ஜனவரி முதல் நாளிலிருந்து, 150 முதல் 512 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள தரைச் சேவைகளில் பெரும்பாலானவற்றின் அகலத்தை 25இலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸாகக் குறைக்கச் செய்தது. குறுகல் முறை அறியாத பழைய பெட்டிகளில் அன்று முதல் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தாழ்ந்து கேட்கலாயின.

ஏரியலைப் பற்றி நீட்டாமல் ஒன்று சொல்லலாம்: 7,500 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும், 125 மெகாஹெர்ட்ஸுக்கு 60, 155க்கு 48, 460க்கு 16. நீட்டிக் குறுக்கும் ஏரியலை வைத்திருப்பவர் அதை எப்போதும் முழுவதும் இழுத்து வைப்பது ஒரு வழக்கமே தவிர நியாயம் இல்லை. பெரிய ஏரியலைக் கூரைமேல் ஏற்றியவருக்கு வேறொரு தொல்லை வரும். பக்கத்து ஒலிபரப்பு நிலையம் பெட்டியின் முன்வாயிலை அடைத்துக்கொண்டு, இருக்கக் கூடாத இடங்களிலெல்லாம் தலைகாட்டும். அட்டெனுவேட்டர் என்னும் விசை அதற்காக ஏற்பட்டது. வரும் அலைகள் எல்லாவற்றின் பலத்தையும் அது குறைப்பதால், கேட்பது நின்றுவிடும் என்று பலர் அதைத் தொட அஞ்சுகிறார்கள். நகரத்தின் நடுவில் வசிப்பவர் அதை அழுத்திய பிறகே சரியாகக் கேட்கத் தொடங்குவதும் உண்டு. ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்ளும் இரண்டு ஊர்களைப் பிரித்தறியும் உபாயம், பேச்சின் அடியில் காதுக்கு எட்டாதபடி ஓடும் 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஸ்வரம். நம் ஊரின் ஸ்வரத்தைக் குறித்து வைத்தால், அயலூர்க்காரர் பேசும்போது பெட்டி திறவாது.

இதுவரை சொன்னவை யாவும், ஓர் அலைவரிசை ஓர் அலுவலகத்துக்கு உரியது என்ற பழைய ஏற்பாட்டின் மேல் நிற்பவை. டிரங்கிங் என்னும் முறை அந்த ஏற்பாட்டையே கலைத்துவிட்டது. ஒரு மாவட்டத்தின் போலீஸ், தீயணைப்பு, நீர் விநியோகம், சாலைப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து இருபது அலைவரிசைகளைப் பொதுவில் வைத்துக்கொள்ளுகின்றன. பேச விரும்புபவர் பொத்தானை அழுத்தியதும், அவருடைய கருவி கட்டுப்பாட்டுச் சானல் வழியே ஒரு கணினிக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. கணினி அந்த க்ஷணத்தில் சும்மா இருக்கும் ஓர் அலைவரிசையை அவருடைய பேச்சுக்குழுவுக்கு ஒதுக்கி, அக்குழுவின் கருவிகளையெல்லாம் அங்கே போகச் சொல்லுகிறது. பதில் வேறோர் அலைவரிசையில் எழக்கூடும். பழைய பெட்டியால் இதைக் கேட்பவர், தீயணைப்பாளரின் கேள்வியையும் சாலைப் பணியாளரின் பதிலையும் ஒன்றாகக் கோத்துக் குழம்புவார். 1990களின் பிற்பகுதியில் யூனிடன் கம்பெனியார் கொண்டுவந்த பெட்டிகள், கட்டுப்பாட்டுச் சானலின் உத்தரவுகளைத் தாமும் படித்து, பேச்சுக்குழுவைப் பின்தொடர்ந்து ஓடக் கற்றன.

இங்கேதான் பழைய பயிற்சி உடையவர்களே இடறி விழுகிறார்கள். சானல் என்று அவர்கள் மனத்தில் இருப்பது அலைவரிசை; புதிய முறையிலோ நிறுத்தி வைக்கவும், விலக்கவும், முன்னுரிமை தரவும் வேண்டியது பேச்சுக்குழுவின் எண். அலைவரிசையின் மேல் லாக்அவுட்டை அழுத்தினால் பேச்சுக்களில் ஒரு பகுதி காரணம் தெரியாமல் மறைந்துபோகும். பேச்சுக்குழுவின் மேல் அழுத்தினால் சாலைப் பணியாளர் மட்டும் மறைவார். ஸ்குவெல்ச்கூடத் தன் பழைய அதிகாரத்தை இழந்துவிடுகிறது. கட்டுப்பாட்டுச் சானலைப் பெட்டி தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், இறுக்கி வைத்த குமிழ் அந்தப் படிப்பையே கெடுக்கும் பெட்டிகளும் உண்டு. இத்துடன், 1989இல் முயற்சி தொடங்கி 'புராஜெக்ட் 25' என்ற பெயரில் வளர்ந்த எண்ம முறையில், பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே செய்தியை ஒரே வேளையில் அனுப்பும் ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. வெவ்வேறு தூரங்களிலிருந்து நுண்ணிய கால வித்தியாசத்தில் வந்து சேரும் அந்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எண்களைச் சிதைத்து, குரலைத் துண்டாக்குகின்றன. திரையில் அலையின் பலம் முழுமையாகக் காட்டும். குரல் மட்டும் உருப்படாது. பெரிய ஏரியல் வைத்தால் இந்நோய் முற்றும். பெட்டியை மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்துவதும், ஒரு கோபுரத்தை மட்டும் நோக்கும் திசை ஏரியலும், அட்டெனுவேட்டரும் சில வேளை பலன் தரும்; 2018இல் வந்த எஸ்டிஎஸ்100 என்ற பெட்டி, ஏற்பியின் அமைப்பையே மாற்றி இதற்கு ஓரளவு பரிகாரம் கண்டது.

இத்தனை சிக்கலையும் மறைத்துவிட்டால் என்ன என்று எண்ணி, 2010இல் யூனிடன் கம்பெனியார் 'ஹோம்பேட்ரோல்' என்ற பெட்டியை வெளியிட்டார்கள். தொடுதிரையில் அஞ்சல் குறியீட்டு எண்ணை இட்டால், அந்த ஊருக்குரிய அலைவரிசைகளையும் பேச்சுக்குழுக்களையும் அது தானே எடுத்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். வயோதிகர்களுக்கும், பொழுதுபோக்காக மட்டும் கேட்பவர்களுக்கும் இது பேருபகாரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குரல் துண்டாகும்போதோ, வேண்டாத பேச்சு வந்து மொய்க்கும்போதோ, எண்ணை இடுவதை மட்டும் அறிந்தவர் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார். மறைத்து வைத்த விசைகளைத் தேடி அப்போது அவர் கையேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. கற்பவர் ஒரே ஒரு சானலுடன், ஸ்குவெல்ச்சுடன் தொடங்க வேண்டும். பத்துச் சானல்கள் கொண்ட ஒரு தொகுதியை ஒரு வாரம் கேட்டு, அதில் யார் யார் பேசுகிறார்கள் என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தேடுதல், பிறகு டிரங்கிங். கையேட்டின் வரிசை இதற்கு நேர்மாறாக, சானல்களைப் பதியும் அத்தியாயத்தில் தொடங்குவதால், பெட்டியை நிரப்பத் தெரிந்து கேட்கத் தெரியாதவர்கள் உருவாகிறார்கள்.

எதைக் கேட்கலாம் என்பதும் இந்தக் கல்வியைச் சேர்ந்ததே. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொலைபேசிப் பேச்சைக் கேட்பதைக் குற்றமாக்கிற்று; 1994 முதல் அந்த அலைவரிசைகளை எட்டும் ஸ்கேனர்களைச் செய்யவும் இறக்குமதி செய்யவும் தடை வந்தது. ஆயினும் 1996 டிசம்பரில், புளோரிடாவில் ஒரு தம்பதியர், பிரதிநிதிகள் சபைத் தலைவர் நியூட் கிங்ரிச்சும் அவருடைய சகாக்களும் தொலைபேசியில் நடத்திய ஆலோசனையை ஸ்கேனரில் கேட்டுப் பதிவு செய்து எதிர்க்கட்சியினரிடம் கொடுத்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 500 டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது. பேர்கேட் பிறந்த இந்தியானா உட்படச் சில மாநிலங்கள், காரில் போலீஸ் பேச்சைக் கேட்கும் பெட்டி வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. பிரிட்டனில் பெட்டியை வாங்கலாம். பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத எதையும் அனுமதியின்றிக் கேட்கலாகாது. சங்கேதமாக்கும் முறை பரவிவரும் இக்காலத்தில், 2023இல் நியூயார்க் போலீஸாரும் அதைத் தொடங்கியபோது பத்திரிகையாளர்கள் ஆட்சேபித்தார்கள். அவர்களுடைய ஆட்சேபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதிகாரம் உடையவர்களின் அன்றாடப் பேச்சைக் குடிமக்கள் கேட்க முடிந்த தொண்ணூறு ஆண்டுப் பழக்கம், விவாதம் போதிய அளவு நடக்காமலே நின்றுபோவது சிறிய நஷ்டம் ஆகாது.

நம் நாட்டின் நிலை வேறு. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமம் இன்றி இத்தகைய சாதனத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியது; வீட்டு ரேடியோவுக்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிச் சாதனங்களை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்ற விதியைக் கைவிடவில்லை. ஆகவே ஆர்வம் உள்ள தமிழருக்கு நேரான வழி, பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் எழுதக்கூடிய ஹாம் ரேடியோ பரீட்சையில் தேறி உரிமம் பெறுவதே. அந்த உரிமத்துடன் வாங்கும் கைக்கருவியில் ஸ்குவெல்ச்சும், அடியளவும், நினைவுச் சானல்களும், ஸ்கேனும், விலக்கும் எல்லாம் அதே பொருளில் இருக்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும் நாட்களில் அது நம் தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிஷம், மேலே சொன்ன பாடங்களுக்கெல்லாம் நல்ல பரீட்சை: நிலையம் நெருங்கி வரும்போது அலை மூன்று கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உயர்ந்தும், விலகிப் போகும்போது அதே அளவு தாழ்ந்தும் வருவதால், 2.5 கிலோஹெர்ட்ஸ் அடியில் 145.8025, 145.800, 145.7975 என்று மூன்று நினைவுச் சானல்களை முன்கூட்டியே பதிந்து, ஸ்குவெல்ச்சை முற்றிலும் திறந்து, ஸ்கேனைத் தொடாமல் கையாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும்.